ஆபரேஷன் இல்லை என்றால் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குப் போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமம். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்துத் திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயமும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது கர்ப்பப்பை வாயில் கேன்சர், 2-பி ஸ்டேஜ் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் கிடையாதாம். கரண்டு வைக்க வேண்டும், கூடவே வாரம் ஒரு ஊசி என்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு மார்பில் வந்தபோது ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், இன்று நன்றாக இருக்கிறார். அம்மாவுக்கு ஆபரேஷன் இல்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா? எங்கள் தெருவில் மட்டும் மூன்று வருடத்தில் நான்கு பேருக்கு இந்த நோய்: அம்மா, அந்த அக்கா, ஒரு தாத்தாவுக்கு வாயில், இன்னொருவருக்கு இரைப்பையில். ஃப்ளோரைடு தண்ணீராலா, மாந்தோப்புக்கு அடிக்கும் மருந்தாலா? எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், 33 வயது. அவள் பெண்ணுக்கு 11. இவர்களுக்கும் வருமா? அம்மாவிடம் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். மாமா ஒரு நாட்டு வைத்தியரிடம் போகலாம் என்கிறார்.

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அம்மாவை யாரும் கைவிடவில்லை. 2-பி நிலையில் இருக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்க முதல் சிகிச்சையே நீங்கள் எழுதியிருப்பதுதான்: கதிர்வீச்சு (நீங்கள் சொல்லும் கரண்டு), கூடவே வாரம் ஒரு கீமோ ஊசி. குணப்படுத்துவதற்காகவே அதைக் கொடுக்கிறார்கள். நான் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர். "ஆபரேஷன் கிடையாது" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் குடும்பமே உடைந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2-பி என்றால் என்ன? கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குள் இறங்கியிருக்கிறது. ஆனால் இடுப்பெலும்பை ஒட்டிய சுவர் வரை போகவில்லை. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவவில்லை. இந்த நிலையில் கத்தி வைத்தால் கட்டியின் ஓரம் முழுவதையும் சுத்தமாக எடுத்தோம் என்று சர்ஜன் உறுதி சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்த பிறகும் பலருக்குக் கரண்டு வைத்தே ஆக வேண்டியிருக்கும். அப்படியானால் அம்மா இரண்டு சிகிச்சையின் சிரமத்தையும் படுவார், பலன் ஒன்றுக்குத்தான்.

வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 600-க்கும் மேற்பட்ட நம் நாட்டுப் பெண்களை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். எல்லோரும் உங்கள் அம்மாவைப் போல 2-பி வரையிலான நிலையில் இருந்தவர்கள். ஒரு பாதிக்கு முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். மறு பாதிக்குக் கதிர்வீச்சும் வார ஊசியும். 2018-ல் முடிவு வெளியானது. ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 69 சதவீதம், கதிர்வீச்சுப் பக்கம் 77 சதவீதம். இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஒவ்வொருவர் உடம்பும் வேறு, அம்மாவுக்கு இத்தனை சதவீதம் என்று நான் இங்கிருந்து கணக்குப் போட முடியாது. ஆனால் நம்பிக்கையோடு தொடங்க வேண்டிய சிகிச்சை இது.

எதிர்வீட்டு அக்காவோடு அம்மாவை ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். மாமரத்தில் தத்துப்பூச்சி வந்தாலும், தக்காளியில் இலை சுருண்டாலும், "பூச்சி விழுந்துடுச்சு" என்றுதான் சொல்கிறோம். அதற்காக இரண்டுக்கும் ஒரே மருந்தை அடிப்பதில்லை. கேன்சரும் அப்படித்தான். எந்த உறுப்பில் வந்தது, எந்த வகைச் செல், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் மருத்துவம் முடிவாகும்.

மார்பகக் கட்டியைப் பெரும்பாலும் ஆபரேஷனில் எடுக்கிறோம். மார்பு முழுவதையும் எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதிக்குக் கரண்டு வைப்பதும் உண்டு. அப்புறம் அந்தச் சதைத்துண்டில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஹார்மோன் ஏற்பி இருந்தால் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையை ஐந்து வருடமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டும். ஹெர்-2 இருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி. இரண்டும் இல்லை என்றால் கீமோவைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். ஒரே ஊரில் மார்பகப் புற்றுநோய் வந்த இரண்டு பெண்களுக்கே சிகிச்சை வேறு வேறாக இருக்கும்போது, உங்கள் அம்மாவுக்கும் அந்த அக்காவுக்கும் எப்படி ஒன்றாக இருக்கும்?

வாயில் வந்தால் முதலில் ஆபரேஷன்தான், கூடவே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள். "கழுத்தில் ஒன்றும் தெரியவில்லையே, அதை ஏன் வெட்ட வேண்டும்?" என்று பல தாத்தாக்கள் சண்டை போடுவார்கள். இதையும் டாடா மருத்துவமனையில் சோதித்திருக்கிறார்கள். முன்கூட்டியே எடுத்தவர்களில் மூன்று வருடத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம் பேர்தான். இரைப்பைக்கு, நிலையைப் பொறுத்து, முன்னும் பின்னும் கீமோ, நடுவில் ஆபரேஷன். ரத்தப் புற்றுநோயில் வெட்டி எடுக்க ஒன்றுமே இல்லை. நாள்பட்ட ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2001-ல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. அதைத் தினமும் விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவர்கள் நிறையப் பேர்.

தெருவில் நான்கு பேர் என்பது பயமுறுத்தத்தான் செய்யும். இந்தியாவில் பிறக்கும் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வரலாம் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு கணக்கிட்டிருக்கிறது. உங்கள் தெருவில் நாற்பது வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் 160 பேர். அவர்களில் பதினெட்டுப் பேருக்கு ஆயுளில் எப்போதாவது வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். வயதானவர்கள் கூடிய தெருவில் அது சில வருடங்களுக்குள் நெருக்கமாக வந்து சேரும்.

நான்கும் ஒரே நோயாக இருந்திருந்தால் நானும் தண்ணீரைச் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் நான்கும் நான்கு நோய், நான்கு காரணம். அம்மாவுக்கு வந்தது எச்.பி.வி. என்ற வைரஸால். தாத்தா வாயில் என்ன போடுவார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இரைப்பைக்கு ஹெலிகோபாக்டர் என்ற கிருமி, புகை, உப்புச் சேர்த்துக் காயவைத்த உணவு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. மார்பகத்துக்கு வயது, ஹார்மோன், உடல் எடை, சிலருக்குப் பரம்பரை.

ஃப்ளோரைடு நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பெரிய துன்பம்தான், அதை மறுக்கவில்லை. பல்லில் காவிக் கறை, முதுகு மடங்காமல் விறைத்துப்போவது என்று எத்தனை பேரைப் பார்க்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனால் அது பல்லையும் எலும்பையும் தாக்கும். புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. பூச்சிமருந்து கொஞ்சம் வேறு கதை. வருடக்கணக்காக மருந்து அடிக்கிறவர்களுக்கு, முக்கியமாக நிணநீர் தொடர்பான சில புற்றுநோய்கள் கூடுதலாக வருவதைக் காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆகவே தோப்பில் மருந்து அடிக்கிறவர் கையுறை, முகக்கவசம் போடட்டும். அந்தக் கேனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதை நிறுத்துங்கள். அம்மாவின் நோய்க்கு அது காரணமில்லை.

நாட்டின் கணக்கையும் சொல்கிறேன், எது எவ்வளவு பரவலாக வருகிறது என்று தெரிந்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் தெரியும். 2022-க்கான சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் மதிப்பீட்டில் இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் புதிதாக ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புற்றுநோய். மார்பகம் முதல் இடத்தில், 1.92 லட்சம். வாயும் உதடும் 1.43 லட்சம். கர்ப்பப்பை வாய் 1.27 லட்சம். நுரையீரல் 81 ஆயிரம்தான், ஆனால் அதே வருடத்தில் அதனால் இறந்தவர்கள் 75 ஆயிரம். மார்பகத்தில் இறந்தவர்கள் 98 ஆயிரம், அதாவது வந்தவர்களோடு வைத்துப் பார்த்தால் பாதி அளவு. நிறையப் பேருக்கு வருவது வேறு, நிறையப் பேரைக் கொல்வது வேறு.

உலக அளவில் முதலில் நிற்பது நுரையீரல், அடுத்து மார்பகம், பிறகு பெருங்குடல். வாய்ப் புற்றுநோய் அந்தப் பட்டியலின் முன்வரிசையிலேயே கிடையாது. நம் நாட்டில் அது இரண்டாவது இடத்துக்கு வந்ததற்குக் காரணம் புகையிலையும் பாக்கும்தான். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-லேயே சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. தடை இருந்தும் எல்லை தாண்டி ஓசூர் வழியாக மூட்டை மூட்டையாக வந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் அங்கேதான் வேலை செய்கிறீர்கள். ஷிஃப்டில் கண் சொக்காமல் இருக்க உங்கள் நண்பர்கள் யாராவது ஹான்ஸ் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டால், வாயை முழுதாகத் திறக்க முடிகிறதா, உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா என்று ஒரு பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை யாரும் வைட்டமின் மாத்திரையில் ஆற்றப் பார்க்கக் கூடாது.

இந்த வைரஸ் விஷயத்தில் ஊர் வாய்க்கு ஒரு பதில் வேண்டும், அதனால் நேராகவே எழுதுகிறேன். எச்.பி.வி. தாம்பத்திய உறவில் பரவுவது உண்மை. இல்லற வாழ்க்கை நடத்தும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு ஒரு முறையாவது அது வந்து, உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கினால் பத்து, இருபது வருடம் கழித்துப் புற்றாக மாறலாம். அம்மாவின் நடத்தையைப் பற்றியோ அப்பாவின் நடத்தையைப் பற்றியோ இந்த நோய் எதையும் சொல்லவில்லை. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே கழிப்பறையில் போனால் ஒட்டாது. சின்ன வயதுக் கல்யாணமும் அடுத்தடுத்த பிரசவமும் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் படிக்கிற பெண்ணைப் பாதியில் நிறுத்திக் கட்டிக்கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இன்று நம் மருத்துவமனைகளுக்கு வரும் அம்மாக்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதில் கழுத்தில் தாலி ஏறியவர்கள். அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அக்காவுக்குப் பரம்பரையாக வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. ஆனால் 30 வயது தாண்டிய எந்தப் பெண்ணும் செய்துகொள்ள வேண்டிய சோதனையை அவர் செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள், மாறுதல் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். செலவு இல்லை. இதன் பலனை நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களிலேயே நிரூபித்தார்கள்: 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை இந்தச் சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சை கொடுத்ததிலேயே இந்த நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் வெளியான முடிவு அது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் அந்தத் தன்னார்வலர் பெண்ணிடம் அக்கா கேட்டால் எந்த நாளில் வரலாம் என்று சொல்லிவிடுவார். அவருடைய 11 வயதுப் பெண்ணுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட இதுதான் சரியான வயது. 9 முதல் 14 வயதுக்குள் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் கிடைக்கிறது.

இனி மாமா. அவர் அன்பினால்தான் சொல்கிறார், அவரோடு சண்டை போடாதீர்கள். "கத்தி பட்டால் பரவும், சதை எடுத்துப் பார்த்தால் கிளம்பிவிடும்" என்ற பேச்சும் கூடவே வரும். சதை எடுத்துப் பார்க்காமல் எந்த வகை என்றே தெரியாது. அதனால் நோய் பரவியது என்பது சரியில்லை. நாட்டு மருந்தில் எனக்கு இருக்கும் பெரிய பயம் இரண்டு. ஒன்று, போகிற நாட்கள். 2-பி நிலையில் போய், இன்னும் முற்றிய 3-பி நிலையில் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இரண்டாவது, சிறுநீரகம். அம்மாவுக்கு வாராவாரம் போடப்போகும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய மருந்து. அதனோடு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணம் சேர்ந்தால் ஊசியையே நிறுத்த வேண்டி வரலாம். மாமாவையே ஒரு நாள் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கும், சிகிச்சை முடிந்து செக்-அப்புக்கு வந்த பெண்களோடு அவர் நாலு வார்த்தை பேசட்டும்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. வயிற்றுப்புண் என்று சொல்லி ஒருவரை ஐந்து வாரம் கதிர்வீச்சு அறைக்குள் அனுப்ப முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா "உனக்கு எந்த இடத்தில் கேன்சர்?" என்று முதல் நாளே கேட்டுவிடுவார். பெற்ற பிள்ளை சொல்லாமல் அப்படித் தெரியவந்தால் வரும் வலி பெரிது. நோயின் பெயர், குணமாகக் கூடியது, இத்தனை வாரம் சிகிச்சை, நான் கூட வருவேன் என்ற நான்கும் போதும். நீங்கள் சொல்லத் தயங்கினால் உங்கள் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்றால், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், ஏறத்தாழ 25 நாள், வெளியிலிருந்து கதிர் கொடுப்பார்கள். சில நிமிட வேலை. ஷாக் அடிக்காது, சூடு தெரியாது. வாரம் ஒரு நாள் சிஸ்பிளாட்டின். அது முடிகிற சமயத்தில் உள் கதிர்வீச்சு, சில தடவை. கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய் வைத்து, கட்டிக்கு மிக அருகிலேயே கதிரைக் கொடுப்பது. இந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பயந்து "அதுதான் ரத்தம் நின்றுவிட்டதே" என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள், இந்த நோய் குணமாவதில் பெரும் பங்கு அந்த உள் கதிர்வீச்சுக்குத்தான். தொடங்கிய நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். கல்யாணம், ஊர்த் திருவிழா, மாங்காய் அறுப்பு எதற்காகவும் நடுவில் நாள் தள்ளக் கூடாது.

வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், அசதி, குமட்டல் வரும். மருந்து இருக்கிறது, சகித்துக்கொண்டு உட்காராமல் உடனே சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சையில் தலைமுடி முழுக்கக் கொட்டாது. வீட்டுக்கு வந்த பிறகு அம்மா உடம்பிலிருந்து கதிர் எதுவும் வெளியே வராது, பேரக் குழந்தை மடியில் படுக்கலாம். இத்தனை நாள் ரத்தம் போயிருப்பதால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். ரத்தம் குறைவாக இருந்தால் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது என்பதால், அது எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால் கொடுப்பதற்கு ஆள் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கீரை, முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடட்டும், பத்தியம் வேண்டாம்.

எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை பக்கம், சாமல்பட்டியிலோ மொரப்பூரிலோ ரயில் ஏறிவிடலாம். வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிலையம், பெங்களூரு கித்வாய் மூன்றும் பழகிய இடங்கள். ஐந்து வாரம் தினமும் போக வேண்டிய சிகிச்சை என்பதால், பேர் பெற்ற தூரத்து இடத்தைவிட, வெளிக் கதிர்வீச்சும் உள் கதிர்வீச்சும் இரண்டும் இருக்கும் கிட்டத்து இடமே மேல் என்பேன். பேசும்போதே இரண்டும் இருக்கிறதா, எப்போது தொடங்க முடியும் என்று கேட்டுவிடுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு இந்த வாரமே போங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யலாம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனையில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.